காலண்டர் ஆர்டர் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

ஆடிப்பெருக்கு வந்தால் சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும். அதைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று கடை கடையாக ஏறி இறங்குவார்கள். ஆல்பத்தில் இருக்கும் படத்தை எடுத்துப் பெயரை மட்டும் அடிக்கிறவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. சொந்தப் படம் போட்டு அடிக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

திருவையாறு பக்கம் எனக்கு விதை, உரக் கடை. 2026-க்கு நம்ம ஊர் நெல் வயலையே படமாகப் போடலாம் என்று ஆயிரம் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தேன். ஆர்டரை எடுத்தவர் டிசைன் கடை வைத்திருப்பவர். "நம்ம சொந்த பிரஸ்தாண்ணே, மிஷின் பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன்" என்றார். காட்டிய சாம்பிள் 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் இத்தனை கிராம் என்ற கணக்கு) ஆர்ட் பேப்பர், தொட்டாலே கனம் தெரியும். முக்கால்வாசிப் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் கடைசியில் கட்டு வந்தது, மேலே சிவகாசி பார்சல் சீட்டோடு. சிவகாசியில் அடிப்பது குற்றமில்லை, நல்ல வேலைக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சொந்த பிரஸ் என்றது எதற்கு?

பிரித்தால் பேப்பர் வேறு, நோட்டீஸ் மாதிரி துவண்டது. அதைவிட மோசம் வயல். நாற்று நட்டு வேர் பிடித்த பிறகு வருமே ஒரு பச்சை, அது இல்லை. காய்ந்த வைக்கோலுக்கும் காக்கிக்கும் நடுவில் ஒரு நிறம். முதல் காலண்டரை வாங்கிய பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, மேட்டூரு தொறக்காத வருசம் எடுத்த படமா?" என்று கேட்டார்.

விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துச் சொன்னார். திரையில் தெரிவது சிவப்பு, பச்சை, நீல ஒளி. அச்சில் விழுவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை. திரையில் ஜொலிக்கும் பச்சை அப்படியே மையில் வராது. தெரிந்தவன் முதலிலேயே படத்தை இந்த நாலு மைக் கணக்குக்கு, அதாவது சிஎம்ஒய்கே-க்கு மாற்றி, பச்சையில் கலந்திருக்கும் மெஜந்தாவைக் குறைத்துத் தெளிவாக்குவான். டிசைன் கடைக்காரர் திரைக்கான ஆர்ஜிபி ஃபைலை அப்படியே அனுப்பிவிட்டார். எனக்கு புரூஃப் (அடிக்கும் முன் சரிபார்க்கும் மாதிரி) என்று காட்டியதும் போன் திரையில்தான்.

வரப்புகள் வேறு கலங்கலாக இருந்தன. 15-க்கு 20 அங்குலத்தில் அடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 4500-க்கு 6000 பிக்சல் வேண்டும். கேமரா ஃபைலைப் பென் டிரைவில் கொடுத்திருந்தேன். அவர் போட்டது, மாதிரி பார்க்க வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய சுருங்கின படம். பென் டிரைவைச் சொருகச் சோம்பேறித்தனம், வேறென்ன!

கடைப் பெயரின் மேல்பாதி தகரப் பட்டைக்குள் போய்விட்டது. வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் படம் நீண்டிருக்க வேண்டும், எழுத்து உள்ளே தள்ளியே நிற்க வேண்டும், டின் அடிக்கும் பக்கம் இன்னும் தள்ளி. இதெல்லாம் அந்தத் தொழிலில் அரிச்சுவடி. மிச்சம் தெரிந்த இடத்திலாவது எழுத்து சரியா? 'வேளாண்' என்பதில் கொம்பு பிரிந்து, வகரத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. நான் ஓகே சொன்ன படத்தில் அது சரியாகவே இருக்கிறது, இன்னும் போனில் வைத்திருக்கிறேன். எழுத்தை கர்வ் ஆக்காமல், அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றாமல் அனுப்பியதால் வேறு கம்ப்யூட்டரில் திறந்ததும் உடைந்திருக்கிறது.

தேதித் தாள்களை அவர் எனக்குக் காட்டவேயில்லை. "அது ரெடிமேடுண்ணே" என்றார். ரெடிமேட்தான், 2025-க்கு! கிழமையை மட்டும் மாற்றிவிட்டு, பண்டிகையை அப்படியே விட்டிருக்கிறார். 2026-இல் பொங்கல் ஜனவரி 15, இதில் 14. தீபாவளி நவம்பர் 8, இதில் அக்டோபர் 20. இதை எப்படி நான் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் மாட்டச் சொல்வேன்?

போன் செய்தால், "நீங்க ஓகே சொன்னீங்களேண்ணே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த வருடம் பத்து சதவீதம் குறைத்துத் தருவாராம். பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் 'காலண்டர் 1000' என்று எழுதியிருக்கிறார். ஜிஎஸ்எம் இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை.

ஆர்டர் கொடுக்கிறவர்கள் பேப்பரின் ஜிஎஸ்எம், அளவு, டெலிவரி தேதி மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பன்னிரண்டு மாதத் தாளும் உட்பட, அடிக்கப் போகும் அதே பேப்பரில் ஒரு புரூஃப் கேளுங்கள். அதில் கையெழுத்துப் போட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் வேண்டாம். பிரஸ்ஸுக்குப் போகும் பிடிஎஃப்பை மெயிலில் வாங்கிவிடுங்கள். கொடுக்க மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

நான் மீதிப் பணம் தரவில்லை. அவர் ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கட்டு அப்படியே குடோனில் இருக்கிறது, வந்து எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.