சிப்பிக் காளான் பை: வாங்கலாமா?

வெள்ளவத்தையில் ஒரு செடிக்கடையில் வாங்கினேன். வீட்டிலேயே காளான் வளர்க்க, றப்பர் மரத்தூளும் தவிடும் அடைத்த பை. காளானின் வெள்ளை இழை அடிவரை படர்ந்திருந்தது. பச்சைப் பூஞ்சணம் எங்கும் இல்லை, நல்ல பைக்கு அதுதான் அடையாளம்.

கூடத் தந்த தாளில் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறது, காற்றோட்டம் பற்றி ஒரு வரி இல்லை. இது பெரிய குறை. காபனீரொட்சைட்டு தேங்கினால் தண்டு நீண்டு குடை சிறுத்துவிடும். பல்கனி நிழலில் வையுங்கள்.

அப்புறம்தான் அதிசயம். பையைக் கீறிய இடத்தில் சாம்பல் நிற மொட்டுகள் கொத்தாக வந்தன. நெல்லளவு மொட்டு ஒன்றை பிளேட்டால் நெடுக்காக வெட்டி, கைவில்லையில் பார்த்தேன். தண்டும் குடையும் அதற்குள்ளேயே பிரிந்திருந்தன! பிறகு நடப்பது பெரும்பாலும் கலங்கள் நீரை உறிஞ்சி நீளுவதுதான். ஒரே இரவில் பெருப்பது அதனால்தான்.

விலங்குக் கருவில் கலங்கள் பிரிந்து பெருகி உடலாகின்றன. காளானிலோ தனித்தனி இழைகள் பின்னி, ஒட்டி உடலாகின்றன. பல்கல வாழ்வு விலங்கு, தாவரம், பங்கசு மூன்றிலும் வெவ்வேறாகத் தோன்றியது என்பதைக் கண்ணால் காண இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குடையும் தண்டுமான வடிவமும் அப்படித்தான்: மரத்தில் பட்டைபோல் ஒட்டிக் கிடந்த மூதாதைகளிலிருந்து கூர்ப்பில் பல தடவை, பல வழிகளில் வந்தது. விதைபோல் பரவும் வித்திகளை உயர்த்தி, மழை படாமல் காற்றில் விட அது வசதியான வடிவம்.

இரண்டாம் அறுவடை கொஞ்சம்தான். ருசி அருமை, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தோம். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள்.