பேச்சு, கண்ணசைவு, யோகா: என் அக்கா போய்ப் பார்த்த மூன்று வழிகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்து முச்சந்தியில் லாரி மோதியபோது அக்கா மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முறிந்த கால் சில மாதங்களில் கூடிவிட்டது. ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வெளியே பிரேக் போட்டால், அரிசி களைந்துகொண்டிருக்கும் அவள் கை அப்படியே நின்றுவிடும். பானை நிரம்பி அரிசியும் நீரும் வழிந்தோடும், அவள் கவனிக்கமாட்டாள்.

பயந்திருக்கிறாள் என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அம்மாவுக்கு அது ஆறுதல். அதை நான் குறை சொல்லமாட்டேன். அக்காவுக்கோ தூக்கம் வரவில்லை. நடந்தது கண்முன் மீண்டும் மீண்டும் வருவதும், அந்த இடத்தைத் தவிர்ப்பதும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவதும் ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் அது பேயும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980 முதல் இடம்பெற்றிருக்கும் கோளாறு அது (PTSD என்பார்கள்), சிகிச்சையும் உண்டு.

முதலில் யோகாவுக்குப் போனோம். கோயில் மண்டபம் பக்கத்தில் இருந்தது, கட்டணமும் இல்லை. மூச்சுப் பயிற்சி அவளுக்குப் பிடித்தது. கடைசியில் விளக்கை அணைத்து, கண்ணை மூடிச் சவாசனத்தில் படுக்கச் சொன்னார்கள். எழுந்துபோய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில், வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கென்றே அமைத்த யோகா வேறு வகை: ஆசிரியர் தொட்டுத் திருத்தமாட்டார்; கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம்; எந்த அசைவையும் வேண்டாம் என்று விட்டுவிடலாம். மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 64 பெண்கள் சேர்ந்தார்கள். 10 வாரம் இவ்வகை யோகா செய்த 31 பேரில் 16 பேர் அக்கோளாறின் வரையறைக்குள் வராத அளவுக்குத் தேறினார்கள்; யோகா செய்யாத 29 பேரில் 6 பேர். நல்ல செய்திதான். ஆனால் சிறிய ஆய்வு, யோகாவும் அங்கே துணைச் சிகிச்சைதான்.

அடுத்தது பேச்சு. அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் (CBT) நடந்ததைச் சொல்ல வேண்டும், 'என் தவறுதான்' என்பது போன்ற எண்ணங்களைச் சோதிக்க வேண்டும், தவிர்த்த இடத்துக்குப் படிப்படியாகத் திரும்ப வேண்டும். வீட்டுப் பயிற்சியும் உண்டு. அக்காவுக்குக் கிடைத்த ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது. சந்தையில் பேரம் பேச அவளுடைய மலாய் போதும். ரத்தத்தையும் பயத்தையும் சொல்ல அது போதாது. மூன்றாவது அமர்வோடு நின்றுவிட்டாள். தோற்றது சிகிச்சை அல்ல, மொழி.

பிறகு ஈப்போவில் தனியாரிடம் கண்ணசைவுச் சிகிச்சை (EMDR). 1980களின் இறுதியில் ஃபிரான்சின் ஷபீரோ என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய இம்முறையில், அந்தக் காட்சியை மனதில் நிறுத்தியபடி இடமும் வலமும் அசையும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். தவிப்பு பத்துக்கு எவ்வளவு என்று அவ்வப்போது கேட்பார்கள். முதல் நாள் அக்கா சொன்னது ஒன்பது. நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுப் பயிற்சியும் இல்லை. கண்ணசைவுதான் வேலை செய்கிறதா, நினைவை எதிர்கொள்வதே போதுமா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆனாலும் உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இந்தக் கோளாறுக்குப் பேச்சு வழி, கண்ணசைவு இரண்டையுமே பரிந்துரைத்தது. ஐந்தாம் அமர்வில் அக்காவின் எண் மூன்றுக்கு இறங்கியது.

ஆகவே என் தேர்வு இது. தமிழில் பேசும் ஆலோசகர் கிடைத்தால் பேச்சு வழி. கிடைக்காவிட்டால், செலவு கூடுதலானாலும் கண்ணசைவு. யோகா இரண்டுக்கும் துணையாக இருக்கட்டும், தனி மருந்தாக வேண்டாம். அக்கா இன்றும் படுக்கும்முன் மூச்சுப் பயிற்சி செய்கிறாள், கண்ணைத் திறந்தபடியே.

'தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ' என்ற பயத்தில் பலர் முதல் படியையே ஏறுவதில்லை. அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து, நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. யாரிடம் போனாலும் முதலிலேயே கேளுங்கள்: தமிழில் பேசுவீர்களா, அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா, எத்தனை அமர்வு ஆகும்?