புவியியலும் சமயவியலும் சேர்த்துப் படித்தேன்: சில வருடங்கள் கழித்து என் மதிப்பீடு

புவியியலையும் சமயவியலையும் ஒரே பட்டத்தில் சேர்த்துப் படித்து முடித்துச் சில வருடங்கள் ஆகின்றன. எது கையில் தங்கியிருக்கிறது என்று இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. ஒரு துறை முடிந்த முடிவாகச் சொல்வதை இன்னொரு துறை கேள்வி கேட்கும் பாருங்கள், அங்கேதான் இந்தப் படிப்பின் பலன் இருக்கிறது.

உலகச் சமயங்களின் வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாட்டுக்கு ஒரு நிறம். ஜப்பானுக்கு எந்த நிறம்? அங்கே ஷிண்டோ என்ற ஜப்பானின் மரபுச் சமயத்தின் அமைப்புகளும் பௌத்த அமைப்புகளும் தரும் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையையே தாண்டிவிடும். நேரில் கேட்டாலோ, பெரும்பாலோர் தங்களுக்கு மதம் எதுவும் இல்லை என்கிறார்கள். ஒருவருக்கு ஒரு மதம் என்ற கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று சமயவியல் வகுப்பில் புரிந்தது. சரி, அப்படியானால் எதை எண்ணுவது, நிறத்துக்குப் பதில் எதை வரைவது என்று புவியியல் வகுப்பு விடாமல் கேட்டது. அந்தக் கேள்வி இல்லாமல் போயிருந்தால் வரைபடத்தைக் குறை சொல்லக் கற்றிருப்பேன், வேறொன்று வரையக் கற்றிருக்க மாட்டேன்.

என்னை அதிகம் பாதித்தது ஹஜ் பற்றிய பாடம். இஸ்லாமிய ஆண்டு சந்திரனை வைத்து நடப்பதால் யாத்திரை ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. ஏறக்குறைய 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2024-ல் அது ஜூன் மாதத்தில் வந்தது. மெக்காவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சவூதி அரசின் கணக்குப்படி 1,301 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள், வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். நாளைக் குறிப்பது சமய நாட்காட்டி. வெயிலைத் தருவது தட்பவெப்பம். நிழல் யாருக்குக் கிடைக்கும் என்பதை அனுமதிச் சீட்டு முடிவு செய்கிறது. இதில் ஒன்றை விட்டுவிட்டாலும் அந்த மரணங்கள் புரியாது. வேலையில் எந்தத் திட்ட அறிக்கையைப் படித்தாலும் இன்றைக்கும் நான் தேடுவது இந்த மூன்றையும்தான்.

கைலாய மலையும் அப்படித்தான். 6,638 மீட்டர் உயரம் என்று புவியியல் முடித்துவிடும். இந்துக்களும் பௌத்தர்களும் அதை வலமாகச் சுற்ற, திபெத்தின் பழைய சமயமான பொன் (Bön) சமயத்தார் இடமாகச் சுற்றுகிறார்கள். ஒரே பாதை, எதிரெதிர்த் திசை. இதை எந்த வரைபடத்தில் குறிப்பது?

"சமயவியல் படிக்க பக்தி வேண்டுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். 1967-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட் தலைமையில் தொடங்கிய துறை போன்றவை இதை இறையியலிலிருந்து பிரித்து, எல்லாச் சமயங்களையும் வெளியிலிருந்தும் பரிவோடும் ஆராயும் படிப்பாக வளர்த்தன. நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வகுப்பில் உட்காரலாம்.

சிரமம் இல்லாமல் இல்லை. இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே அபூர்வம். களப்பணி வாரத்திலேயே மற்ற துறையின் கட்டுரைக்குக் கடைசி நாள் வரும். ஒரு பக்கம் தரவு, முறை, முடிவு என்று எழுதச் சொல்வார்கள். மறுபக்கம் ஒரு பனுவலின் ஒரே பத்தியை வைத்துப் பக்கம் பக்கமாக வாதாட வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவது உண்மையிலேயே களைப்பு. ஒரே பாடத்தை எடுத்தவர்கள் அளவுக்கு ஆழம் இரண்டிலும் வராது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பனிப்பாறை ஆய்விலோ, ஒரு சமய மரபின் மூல மொழியிலோ முழுமையாக இறங்க நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

மற்றவர்கள் தாராளமாகச் சேரலாம். சேரும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இறுதி ஆய்வேட்டுக்கு இரண்டு துறையிலிருந்தும் வழிகாட்டி கிடைப்பார்களா? கிடைக்காத இடத்தில் இரண்டு பாதிப் படிப்புகள்தான் மிஞ்சும். அப்புறம், விருப்பப் பாடம் எடுக்கும்போது ஜிஐஎஸ்ஸை (இடம் சார்ந்த தரவைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் முறை) கைவிட்டுவிடாதீர்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். சமயவியல் பக்கம் பேச்சு திரும்புவது அதற்குப் பிறகுதான்.