மயக்க மருந்து இல்லாமல் நாய்க்குப் பல் சுத்தம் செய்கிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்

நீளமான பதிவுதான். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் படித்துவிடுங்கள். இரண்டு வருடம் ஏமாந்தவள் நான், வலியைத் தின்றது என் மணி.

மணிக்கு ஆறரை வயதிருக்கும்போது வாய் நாற ஆரம்பித்தது. பக்கத்தில் வந்து கொட்டாவி விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு. கடைவாய்ப் பற்களில் பழுப்பாகக் காரை படிந்திருந்தது. குளிப்பாட்டி முடி வெட்ட எப்போதும் கூட்டிப்போகும் க்ரூமிங் கடையில் "பல் சிகிச்சை" என்று பெரிய பலகை உண்டு, அங்கேயே கேட்டேன். "மயக்க ஊசியெல்லாம் எதுக்குக்கா? வயசாகுற நாய், திரும்ப எழுந்திரிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? நாங்க கையாலயே பண்ணிடுவோம், அரை மணி நேரம்தான்" என்றான் அங்கிருந்த தம்பி. அதற்கு மேல் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எழுந்திரிக்கலைன்னா என்று ஒருவன் சொன்ன பிறகு யாருக்குக் கேள்வி வரும்?

என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே ஒருவர் துண்டால் சுற்றி அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கொக்கி மாதிரி ஒரு கருவியால் சுரண்டினார் என்பது பிறகுதான் தெரிந்தது. மணி முனகுவது கேட்டது, "கொஞ்சம் அடம் பிடிக்கிறான்" என்றார்கள். முடிந்ததும் முன்பு, பின்பு என்று இரண்டு போட்டோ அனுப்பினார்கள். பல் பளிச்சென்று இருந்தது. நானும் பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்தேன், அதைப் பார்த்து இரண்டு பேர் கடை விலாசம் கேட்டார்கள், கொடுத்தும் தொலைத்தேன். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், ஆனாலும் மனசு ஆறவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் மூன்றே வாரத்தில் நாற்றம் திரும்பி வந்தது, கேட்டால் சாப்பாட்டு வாசனை என்றார்கள். மூன்றாவது தடவை வாசல்படியிலேயே கால்களை ஊன்றிக்கொண்டு உள்ளே வர மறுத்தான், நான் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போனேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது. இடது பக்கமாகவே மெல்லுவான், பந்தைக் கவ்வியவுடன் கீழே போட்டுவிடுவான், முகத்தை மிதியடியில் தேய்ப்பான். எல்லாவற்றையும் வயசு என்று நானே ஒதுக்கித் தள்ளிவிட்டேன். பல்தான் வெள்ளையாக இருக்கிறதே, அப்புறம் எப்படிப் பல்லைச் சந்தேகப்படுவது?

ஒரு நாள் காலையில் வலது கண்ணுக்குக் கீழே புடைத்திருந்தது. பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அது உடைந்து சீழ் வழிந்தது. கால்நடை மருத்துவரிடம் ஓடினால் அவர் கண்ணைப் பார்த்த கையோடு உதட்டைத் தூக்கிப் பார்த்து, "கண்ணுல ஒண்ணும் இல்ல, பல்லுதான்" என்றார். நாய்க்கு மேல்தாடையில் இருக்கும் பெரிய அறுக்கும் பல்லுக்கு மூன்று வேர், அந்த வேர்களின் நுனி கிட்டத்தட்ட கண்ணுக்கு நேர் கீழே போய் நிற்கும். அங்கே சீழ் வைத்தால் முகம்தான் வீங்கும்.

ரத்தப் பரிசோதனை செய்து, முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு, வாய் முழுக்க எக்ஸ்ரே எடுத்தார்கள். நாய்க்கு 42 பல், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய அளவுகோலை ஈறுக்குள் விட்டு ஆழம் பார்த்தார்கள். நாய்க்கு 3 மில்லிமீட்டர் வரை சரி, மணிக்கு அந்த இடத்தில் 8. திரையில் காட்டினார் மருத்துவர்: மேலே முத்து மாதிரி பல், கீழே வேரைச் சுற்றி எலும்பு இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. அன்று ஐந்து பற்களை எடுத்தார்கள்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாம் பார்க்கும் பழுப்புக் காரை நோய் இல்லை. பல்லில் படியும் கிருமிப் படலம் சில நாட்களிலேயே எச்சிலில் உள்ள தாதுக்களால் கல்லாக இறுகிவிடுகிறது, அதுதான் காரை. நாசம் நடப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் எந்த நாயும் அங்கே கருவியை விடச் சம்மதிக்காது, பல்லின் நாக்குப் பக்கத்தைக்கூடக் காட்டாது, எக்ஸ்ரே தகட்டை வாயில் வைத்துக்கொண்டு அசையாமலும் இருக்காது. ஆக இந்தக் கடைக்காரர்களால் செய்ய முடிந்தது, வெளியில் தெரியும் பாதியை வெள்ளையாக்குவது மட்டும்தான். அதிலும் சுரண்டிவிட்டு பாலிஷ் போடாமல் விட்டால் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிற்கும், அடுத்த படலம் அதில் இன்னும் சுலபமாக ஒட்டும். எனக்கு மூன்றே வாரத்தில் திரும்பிய நாற்றத்தின் கதை இதுதான், அடியில் இருந்ததை யாரும் தொடவே இல்லை.

"லேசா மயக்கம் கொடுத்துப் பண்றோம், ட்யூப் வேண்டாம்" என்று சொல்லும் இடங்களும் உண்டாம், அதுவும் வேண்டாம். காரையை எடுக்கும் ஸ்கேலிங் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே ஓடும், மூச்சுக்குழாய் மூடப்படாவிட்டால் அந்த அழுக்குத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகலாம். மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முன்கூட்டியே ரத்தம் பார்த்து, நரம்பில் ஊசி வழி வைத்து, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், உடல் சூடு மூன்றையும் பார்க்க மட்டும் தனியாக ஒரு ஆளை நிறுத்தி அவர்கள் செய்ததை நேரில் பார்த்தேன், கடைக்காரன் காட்டிய பூச்சாண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 2020-இல் வெளியிட்ட பல் வழிகாட்டியே மயக்க மருந்தில்லாத பல் சுத்தத்தைக் கடுமையாக எதிர்க்கிறது. இது எனக்கு இரண்டு வருடம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கடைக்குப் போய்க் கேட்டேன். சண்டை போடக்கூட இல்லை, எக்ஸ்ரேயைக் காட்டிக் கேட்டேன். முதலாளி நிதானமாக, "நாங்க ட்ரீட்மென்ட்னு எங்க சொன்னோம்? பில்லைப் பாருங்க" என்றார். பார்த்தேன். நான்கு பில்லிலும் பொடி எழுத்தில் "வாய்ப் பராமரிப்பு, அழகு சேவை" என்று இருந்தது. முதல் நாள் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளிலோ, நோய்க்கு அவர்கள் பொறுப்பில்லை என்று ஒரு வரி. பலகையில் சிகிச்சை, பில்லில் அழகு. பணம் ஒரு பைசா திரும்ப வரவில்லை.

பூனை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். என் தங்கையும் அவள் பூனையை அதே கடைக்குக் கூட்டிப்போவதாக இருந்தாள், நல்லவேளை தடுத்துவிட்டேன். பூனைகளுக்குப் பல் தானாகவே கரைந்துபோகும் ஒரு நோய் சாதாரணமாக வருகிறது, வெளியே ஈறோரம் சின்னச் சிவப்புப் புள்ளி மாதிரி தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது, எக்ஸ்ரேயில்தான் பிடிபடும். அவள் பூனைக்கு இரண்டு பல்லில் இருந்தது. அதன் மேல் கொக்கியை வைத்துச் சுரண்டியிருந்தால் என்ன வலி வலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கே போனாலும் முதலில் கேளுங்கள்: வாய் முழுக்க எக்ஸ்ரே உண்டா, ட்யூப் போடுவீர்களா, மயக்கத்தைக் கவனிக்கத் தனி ஆள் யார், பல் வரைபடம் கையில் தருவீர்களா. கடைசிக் கேள்வி முக்கியம். எனக்குக் கொடுத்த தாளில் ஒவ்வொரு பல்லுக்கும் எண் போட்டு ஆழம் எழுதியிருந்தது, மணியின் சீழ் வைத்த பல் 108 (முதல் இலக்கம் வாயின் எந்தப் பக்கம் என்பது, அடுத்த இரண்டும் அந்தப் பக்கத்தில் எத்தனையாவது பல் என்பது). நான்கு தடவை போன கடையில் எனக்குக் கிடைத்தது போட்டோ மட்டும்.

இப்போது தினமும் நானே துலக்கிவிடுகிறேன், நாய்களுக்கான பேஸ்ட்டில். நம்முடையதைப் போடவே போடாதீர்கள், அவற்றுக்குத் துப்பத் தெரியாது, சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் நாய்க்கு விஷம். கடிக்கக் கெட்டி எலும்பும் கொம்பும் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், பெரும்பாலும் உடைவது அதே பெரிய பல்தானாம்.

மணி மறுபடி பந்தைக் கவ்வுகிறான். போன வாரம் அந்த வழியாகப் போனோம், பலகையில் இன்னும் "பல் சிகிச்சை" என்றுதான் இருக்கிறது.