மேசி 241 பழைய என்ஜின் பிளாக்: விற்கப் போகிறவர்களுக்கான மதிப்பீடு

மேசி 241 டிராக்டரின் சிம்சன் மூன்று சிலிண்டர் பிளாக் (என்ஜினின் அடிப்படை வார்ப்பு உடல்), பழைய சாமானில் தேங்காத சரக்கு. பெர்க்கின்ஸ் வடிவமைப்பு, 91.4 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 127 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்), 2500 சிசி. ட்ரை லைனர் (துளைக்குள் இறக்கிய, தண்ணீர் படாத தனி உறை) என்பதால் போர் தேய்ந்ததற்காகப் பிளாக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லைனரை பிரஸ்ஸில் தள்ளி எடுத்துப் புதியது இறக்கலாம். அதனால் "போர் ஸ்டாண்டர்டில் (கம்பெனி அளவில்) நிற்கிறது" என்பதை மட்டும் சொல்லி விலை ஏற்ற முடியாது. விலையைத் தீர்மானிப்பது வேறு மூன்று இடங்கள்.

முதலாவது, லைனர் உட்காரும் தாய் போர். லைனர் லூசாகிச் சுற்றியிருந்தால் சூடு வெளியே கடத்தப்படாது. புது லைனர் போட்டாலும் பிஸ்டன் பிடிக்கும். இரண்டாவது, கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் வரிசை. பேரிங்கை மூடும் மெயின் கேப்புகளைப் பிளாக்கோடு சேர்த்துத்தான் போரிங் செய்திருப்பார்கள், வேறு பிளாக்கின் கேப் பொருந்தாது. ஒரு கேப் தொலைந்தாலும் லைன் போரிங் (பேரிங் துளைகளை ஒரே நேர்கோட்டில் கடைவது) செலவு வாங்குபவர் தலையில்தான் விழும், அதை அவர் விலையில் கழிப்பார். கேப்புகளை எண் வரிசைப்படி, போல்ட்டோடு மாட்டியே கொடுங்கள். மூன்றாவது, வெடிப்பு. டிராக்டரில் தனி சேசிஸ் இல்லை. முன் ஆக்ஸில் தாங்கியும் பின்னால் கியர்பாக்ஸ் ஹவுசிங்கும் என்ஜினோடுதான் பூட்டப்பட்டிருக்கும். கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டு நாஞ்சில் நாட்டுச் சேற்றில் தொளியடித்த வண்டி, லோடர் மாட்டிய வண்டி இரண்டிலும் முன்பக்க போல்ட் துளைகளையும் பின் முகப்பையும் முதலில் பாருங்கள். அடுத்து ஹெட் போல்ட் துளைகளைச் சுற்றி, சிலிண்டர்களுக்கு இடையே.

கடற்கரையை ஒட்டிய ஊர் வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. கூலன்ட் ஊற்றாமல் உப்புக் கிணற்றுத் தண்ணீரே ஊற்றி ஓட்டியிருந்தால் வாட்டர் ஜாக்கெட் (சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் வழி) உள்ளே துரு அடையாகப் படிந்திருக்கும், அதன் துளைகளை அடைக்கும் தகட்டு மூடியான வெல்ச் பிளக் அரித்திருக்கும். பிளக்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சோதனைக்கு நல்ல போரிங் பட்டறை போதும். ஹெட் முகத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜ் விடுங்கள், 0.10 மி.மீ. நுழைந்தால் ஃபேசிங் (முகத்தைச் சமமாகக் கடைவது) செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். போர் டயல் கேஜால் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் குறுக்காக இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். பிஸ்டனின் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். சந்தேகமான இடத்தில் சிவப்பு டை பெனட்ரன்ட் அடித்துத் துடைத்து வெள்ளை டெவலப்பர் தெளித்தால் முடி அளவு வெடிப்பும் கோடாகக் கிளம்பும். வாட்டர் வழிகளை அடைத்துப் பிரஷர் டெஸ்ட் செய்து, அளவுகளைப் பட்டறைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பெயின்ட் அடிக்கிற காசை இந்தச் சீட்டுக்குச் செலவழிப்பது மேல். புதுப் பெயின்ட்டைக் கண்டாலே விவரமான மெக்கானிக், எம்சீல் (வெடிப்பை அடைக்கும் பசை) எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவார். வெடிப்பை ஒட்டவைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டீசலில் கழுவி ஆயில் தடவினால் அழகுக்கு அவ்வளவு போதும்.

விலைக்குக் கீழ் எல்லை ஆக்கர் கடை (பழைய இரும்புக் கடை) எடைக்காசு. 90 கிலோ எடையும் கிலோ 35 ரூபாயும் என்றால் 3,150 ரூபாய். மேல் எல்லைக்கு, புதுப் பிளாக் விலையை டீலரிடம் கேட்டுப் பாதியாக்கி, அதிலிருந்து வாங்குபவர் செய்ய வேண்டிய லைனர், போரிங், ஃபேசிங் செலவைக் கழியுங்கள். புதியது 60,000, வேலை 12,000 என்று வைத்தால் 18,000. அதற்கு மேல் கேட்டால் பேச்சு நீளும், பணம் வராது. கிராங்க், கேம், கனெக்டிங் ராடோடு ஹாஃப் என்ஜினாக இருந்தால் கிராங்க் ஜர்னல் அளவைத் தனியாக எழுதி, தனி விலை சொல்லுங்கள்.

எங்கே விற்பது? பழைய பார்ட்ஸ் கடையில் கையில் உடனே காசு, ஆனால் அவர் லாபம் போகத்தான் உங்களுக்கு. போரிங் பட்டறை வழியாக விற்பதுதான் எங்கள் முதல் சிபாரிசு: பிளாக் தேடும் ஆள் அங்கேதான் வந்து நிற்பார். கன்னிப்பூ, கும்பப்பூ நெல் பருவ உழவு தொடங்குமுன் சொல்லிவைத்தால் விலையும் நிற்கும். ஆன்லைன் விளம்பரத்தில் வெளியூர் ஆளும் கிடைப்பார். பார்சல் ஏற்றும்போது ஹெட் முகம் கீழே அடிபடாமல் மரப்பலகை வைக்க வேண்டும்.

எந்த வழியானாலும் என்ஜின் எண் அடித்த இடத்தைத் தேய்க்காதீர்கள். எண் இல்லாத பிளாக் திருட்டுச் சரக்காகத்தான் பார்க்கப்படும். ரசீதில் அந்த எண்ணை எழுதி, ஆர்சி நகலோடு கொடுங்கள். பிளாக் மாற்றியதை 14 நாளுக்குள் ஆர்டிஓவில் தெரிவிப்பது அதை ஏற்றிய வண்டிக்காரர் பொறுப்பு. டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். நீங்கள் வண்டியை வைத்துக்கொண்டு பிளாக்கை மட்டும் விற்றிருந்தால், அதில் வேறு பிளாக் ஏற்றியதும் உங்கள் ஆர்சியிலும் எண் மாற வேண்டும்.