பாவித்த ஸ்கேனர் வாங்கப் போகிறவர்கள் என் 63,000 ரூபா போன கதையை வாசித்துவிட்டுப் போங்கள்

எனக்குப் பாவித்த ஸ்கேனர் விற்றவனுக்கு நேற்று இரவு பத்தரை மணிக்கு நான் அனுப்பிய வட்ஸ்அப் செய்திக்கு ஒரு டிக்தான் விழுந்தது. இன்று காலையும் அதே ஒரு டிக். அவனுடைய படத்தையும் காணவில்லை. பிளாக் பண்ணிவிட்டான். 63,000 ரூபாவை வாங்கிக்கொண்டு, இருபத்திரண்டு நாள் என்னை அலைக்கழித்துவிட்டு பிளாக் பண்ணிவிட்டான். கோபம் ஆறின பிறகு எழுது என்றார் கணவர். ஆறிவிட்டால் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

மட்டக்களப்பு கல்லடியில் சின்னதாக ஒரு கொமினிக்கேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, டைப்பிங், லெமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பங்கள். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு ஸ்கேன் என்பது லேசான விஷயம் இல்லை. 2004 டிசம்பர் 26இல் நாவலடி, டச்பார் என்று கரையோரம் முழுக்க வீட்டோடு சேர்ந்து காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கடலுக்குப் போனது. அதற்கு முதல் 1978 சூறாவளியில் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். "புள்ள, இதைப் போனிலயும் போட்டுத் தா, மெயிலிலயும் போட்டு வை" என்று உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வரும் வயதானவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்கள் அதை என் கையில் தரும்போது பார்க்க வேண்டும், குழந்தையைத் தருவது மாதிரித்தான் தருவார்கள்.

இந்த வருடம் எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில் வண்ணக்கர் (கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவர்) வந்து, கோயிலின் பழைய கணக்குத் தாள்களையும் பற்றுச்சீட்டுகளையும் ஸ்கேன் பண்ணி ஒரு பென் டிரைவில் தர முடியுமா என்று கேட்டார். கட்டுப் பிரித்த தாள் 1,900, இரண்டு புறமும் எழுத்து, ஆக 3,800 பக்கம். பக்கத்துக்கு 12 ரூபா. வைகாசிச் சடங்கின் நிறைவான குளிர்த்திக்கு முதல் முடித்துத் தர வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. என்னிடம் இருந்தது கண்ணாடி மூடியைத் தூக்கி ஒவ்வொரு தாளாக வைக்கும் சாதாரண ஸ்கேனர். தாள்கட்டை மேலே வைத்தால் தானே இழுத்து இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் எடுக்கும் வகை இருந்தால் மூன்று நாள் வேலை. புதிது வாங்க வசதி இல்லை. அதனால் பாவித்தது தேடினேன்.

கடையின் பெயரையோ விளம்பரம் வந்த தளத்தின் பெயரையோ எழுதப் போவதில்லை. பாவித்த சாமான்களை யாரும் விளம்பரம் போட்டு விற்கும் இணையத்தளம் ஒன்று, கொழும்பில் பாவித்த கொம்பியூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்று, அவ்வளவு போதும். விலை 52,000. "ஒரு ஒபிசில இருந்து வந்தது, 5,000 தாள்கூட ஓடல்ல" என்று போட்டிருந்தார்கள்.

கோல் எடுத்தேன். எடுத்தவன் தமிழ். எந்த ஊர் என்று கேட்டான், மட்டக்களப்பு என்றேன். "ஐயோ அக்கா, என்ட மனுசி ஊர் ஆரையம்பதி. வருசா வருசம் சடங்குக்கு வாறனான்" என்றான். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அதற்கு முதல் நான் கேட்க எழுதி வைத்திருந்த கேள்விகள் ஒரு கொப்பித் தாளில் இருந்தன. எத்தனை வருடத்து மெஷின், வாரண்டி எத்தனை நாள், என் வின்டோஸ் 11க்கு டிரைவர் (ஸ்கேனரைக் கொம்பியூட்டரோடு பேச வைக்கும் சொப்ட்வெயார்) இருக்கிறதா. அந்தத் தாள் என் மடியில்தான் கிடந்தது. ஆரையம்பதி என்ற சொல்லைக் கேட்டதும் அதைப் பார்க்கவே தோன்றவில்லை. கோயில் வேலைக்குத்தான் வாங்குகிறேன் என்று நானே சொன்னேன். "அம்மாளுக்குச் செய்யிற வேலைக்கு நான் பொய்ச் சாமான் தருவனா அக்கா" என்றான்.

பிறகு வீடியோ கோல் எடுத்து ஓட்டிக் காட்டினான். பத்துத் தாள் வைத்தான், சரசரவென்று இழுத்தது, திரையில் படம் வந்தது. அந்தத் திரையின் இடது மூலையில் வட்டமான ஸ்டார்ட் பொத்தான் இருந்தது. பழைய வின்டோஸ் 7. என் கண் அதைப் பார்த்தது, மூளைக்குப் போகவில்லை. தினமும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிற எனக்கே போகவில்லை என்றால் ஒரு ஆசிரியருக்கோ கிராம சேவகருக்கோ எப்படிப் போகும்?

சீட்டு எடுத்த காசு 52,000, அன்று பின்னேரமே போட்டேன். கணக்கு கடையின் பெயரில் இல்லை, தனி ஆள் ஒருவரின் பெயரில். இரவு பஸ்ஸில் பார்சல் கூலி 1,500.

பார்சல் வந்தது. பிரித்தவுடனே ஒரு சந்தேகம் வந்தது என்பதை மறைக்கவில்லை. அடிப்பக்கத்தில் ஏதோ ஒபிசின் பொருள் இலக்கத் தாள் ஒட்டியிருந்து சுரண்டி எடுத்த தடம். மூடியைத் திறந்து தாள் இழுக்கும் ரோலரை விரலால் தடவினேன். புது ரோலர் என்றால் இறப்பர் கொஞ்சம் பிடிக்க வேண்டும். இது கண்ணாடிப் போத்தல் மாதிரி வழுக்கியது. ஓரத்தில் முடி அளவுக்கு வெடிப்பு. உள்ளே வெள்ளைத் தாள் தூள். 5,000 தாள் ஓடின மெஷினில் இவ்வளவு தூள் எங்கிருந்து வரும்?

டிரைவர் என்று ஒரு சீடி வைத்திருந்தான். போட்டால், இந்த வின்டோஸுக்கு ஆதரவு இல்லை என்று நின்றுவிட்டது. கோல் எடுத்தேன். "அது எல்லாருக்கும் அப்பிடித்தான் வரும் அக்கா, எங்கட டெக்னீஷியன் ரிமோட்டில போட்டுத் தருவார், 9,500 மட்டும் அனுப்புங்க." சாமான் விற்கும்போது இந்த 9,500 பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் 53,500 ஏற்கனவே போய்விட்டது, வண்ணக்கரின் தாள்கள் மேசையில் கிடக்கின்றன. அனுப்பினேன். ஆக மொத்தம் 63,000.

இனி எழுதுவதைத்தான் எல்லோரும் கவனமாக வாசிக்க வேண்டும். டெக்னீஷியன் என்று ஒருவன், தூரத்தில் இருந்து என் கொம்பியூட்டரை இயக்கும் சொப்ட்வெயார் ஒன்றைப் போடச் சொன்னான். இலக்கத்தைச் சொன்னேன், மவுஸ் தானாக ஓடத் தொடங்கியது. முதல் வேலையாக வைரஸ் காவலை நிறுத்தினான். பிறகு ரீஸ்டார்ட் பண்ணி, பயோஸுக்குள் (கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய் செக்கியூர் பூட் என்ற, தொடங்கும்போதே நம்பகம் இல்லாததைத் தடுக்கும் காவலை நிறுத்தும்படி போனில் ஒவ்வொரு கீயாகச் சொல்லித் தந்தான். திரும்ப வந்தபோது திரையின் வலது கீழ் மூலையில் "டெஸ்ட் மோட்" என்று எழுத்து. யார் செய்தது என்று உறுதிப்படுத்தும் சரியான டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரையும் வின்டோஸ் உள்ளே விடும் நிலை அது. வீட்டு முன்கதவைக் கழற்றி வைத்த மாதிரி. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம். நடுவில் ஒரு பிள்ளை ஓ.எல் சேட்டிபிக்கேட் போட்டோ கொப்பிக்கு வந்தாள், நான் மெஷின் பக்கம் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது திரையில் "ஐடென்டி கார்ட்" என்று நான் பெயர் போட்டு வைத்திருந்த ஃபோல்டர் திறந்திருந்தது. சனத்தின் அடையாள அட்டை, பாஸ்போட் பக்கம், உறுதிக் கொப்பி எல்லாம் அதில். "என்ன தம்பி அது?" என்று போனில் கேட்டேன். "மவுஸ் தவறிப் பட்டுட்டு அக்கா" என்று மூடினான். நம்பினேன். 63,000ஐ விட இதுதான் என்னை இரவில் தூங்க விடுவதில்லை. என் காசு என்னுடையது. அந்த அட்டைகள் என்னுடையவை இல்லை.

கடைசியில் ஸ்கேன் சொப்ட்வெயாரைத் திறந்து காட்டினான். பட்டியலில் ஸ்கேனரின் பெயர் வந்தது. "பாருங்க அக்கா, பேர் வந்துட்டு. டிரைவர் ஓகே." ஸ்கேன் பொத்தானை அழுத்தினால், ஸ்கேனர் இணைக்கப்படவில்லை என்று செய்தி. "அப்ப உங்கட கேபிள் பிழை" என்று வெட்டிவிட்டான். புதுக் கேபிள் 1,200க்கு வாங்கினேன் (அதை நான் 63,000இல் சேர்க்கவில்லை). அதே செய்தி. பிறகு யூஎஸ்பி துளை பிழையாம். பிறகு என் வின்டோஸ் ஒரிஜினல் இல்லையாம், பெட்டியோடு வந்த லைசன்ஸ் அது. பிறகு மட்டக்களப்பில் கரன்ட் கூடிக் குறைவதாம். பிறகு "முதலாளி வெளியூர்". பிறகு போயா லீவு. பிறகு நீல டிக் விழும், பதில் வராது. விளம்பரம் வந்த தளத்துக்கு எழுதினேன். தாங்கள் விளம்பரம் மட்டும் போடுகிறவர்கள், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்று இரண்டு வரி வந்தது. என் செய்தியை யாரும் வாசித்ததாகவே தெரியவில்லை.

அண்ணனின் மகன் வந்தாறுமூலை கம்பஸில் படிக்கிறான். போன சனிக்கிழமை வந்து, முழு மர்மத்தையும் கால் மணித்தியாலத்தில் உடைத்தான். "மாமி, இந்த டிரைவர் 32 பிட். வின்டோஸ் 11இல 32 பிட் பதிப்பே இல்ல, எல்லாம் 64." வின்டோஸும் சொப்ட்வெயாரும் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையாம், 32 பழையது. ஸ்கேனர் டிரைவருக்கு இரண்டு பகுதி இருக்கிறதாம். ஒன்று டுவெய்ன் பகுதி. ஸ்கேன் பண்ணும் சொப்ட்வெயார் ஸ்கேனரோடு பேசுவதற்கென்று 1992இல் வந்த முறை அது. தாள் அளவு, டிபிஐ (படம் எவ்வளவு நுணுக்கம்), இரண்டு பக்கமா ஒரு பக்கமா என்று கேட்கும் பெட்டி அதிலிருந்துதான் வருகிறது. மற்றது கீழே இருந்துகொண்டு யூஎஸ்பியோடு நேரே பேசும் பகுதி. சாதாரண 32 பிட் சொப்ட்வெயார் 64 பிட் வின்டோஸில் ஓடும், அதனால் டுவெய்ன் பகுதி பதிந்துவிடும், பெயரும் பட்டியலில் வந்துவிடும். ஆனால் கீழ்ப் பகுதி 32 பிட் என்றால் 64 பிட் வின்டோஸ் அதை ஏற்றவே ஏற்றாது. டெஸ்ட் மோட் போட்டாலும் ஏற்றாது, எந்த டெக்னீஷியன் வந்தாலும் ஏற்றாது. கொம்பியூட்டரில் இணைத்த சாமான்களின் நிலையைக் காட்டும் டிவைஸ் மனேஜரைத் திறந்து காட்டினான். ஸ்கேனருக்கு நேரே மஞ்சள் முக்கோணம், பிழை என்ற அடையாளம். "பேர் வந்துட்டு, டிரைவர் ஓகே" என்று ஏன் சொன்னான் என்று இப்போது விளங்குகிறதா? நடக்கவே முடியாத வேலைக்கு 9,500 வாங்கினான், தெரிந்தே வாங்கினான்.

உற்பத்தி செய்த கொம்பனியின் இணையப் பக்கத்தில் இந்த மொடலுக்கு வின்டோஸ் 7இன் 32 பிட்டுக்கு மேல் டிரைவர் இல்லை. வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸில் சேன் என்று ஒரு ஸ்கேனர் சொப்ட்வெயார் இருக்கிறது, பல பழைய ஸ்கேனர்கள் அதில் உயிர் பெறும். அந்தப் பட்டியலிலும் எங்கள் மொடலுக்கு நேரே ஆதரவு இல்லை என்றே இருந்தது. மருமகன் விடவில்லை. ஒரு கூட்டாளியின் பழைய வின்டோஸ் 7 பெட்டியைத் தூக்கி வந்து அதே சீடியைப் போட்டான். பத்து நிமிடத்தில் ஏறியது. மெஷின் எத்தனை தாள் இழுத்தது என்று காட்டும் கவுண்டரை டிரைவரோடு வந்த கருவியில் திறந்தோம்.

4,86,312.

5,000 இல்லை. கிட்டத்தட்ட ஐந்து இலட்சம். வண்ணக்கரின் தாள்களை வைக்கப் பயந்து வெற்றுத் தாள் வைத்துப் பார்த்தோம். மூன்று மூன்றாக இழுத்தது, நாலாவது கோணலாகப் போய்க் கசங்கியது. ஐம்பது வருடத்துப் பற்றுச்சீட்டு ஒன்றை அதில் வைத்திருந்தால் நான் அந்தக் கோயில் படி எப்படி ஏறுவேன்?

சரி, எச்சரிக்கைகள். விரிவாக எழுத நினைத்தேன், நேரம் இல்லை. மொடல் இலக்கத்தைக் கேட்டு, காசு போடுவதற்கு முன்னால் செய்த கொம்பனியின் சொந்தப் பக்கத்தில் உங்கள் வின்டோஸுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். டிரைவர் இறக்கித் தருகிறோம் என்று சொல்லும் வேறு தளங்கள் வேண்டாம். வீடியோ கோலில் தாள் ஓடுவதைப் பார்க்க வேண்டாம், கவுண்டரைக் காட்டச் சொல்லுங்கள், அப்படியே அந்தக் கொம்பியூட்டரில் எந்த வின்டோஸ் என்றும் காட்டச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் வந்தால் வேலை முடிந்தது என்று நம்பாதீர்கள், டிவைஸ் மனேஜரைப் பாருங்கள். நாப்ஸ்2 என்ற இலவச ஸ்கேன் சொப்ட்வெயார் நல்லது, நானும் பாவிக்கிறேன், ஆனால் யூஎஸ்பி ஸ்கேனருக்கு டிரைவர் சரியாக இல்லாவிட்டால் அதாலும் ஒன்றும் செய்ய முடியாது. ரிமோட் கொடுக்காதீர்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். தனி ஆள் கணக்குக்குக் காசு போடாதீர்கள்.

நான் வின்டோஸை முழுதாக அழித்துத் திரும்பப் போட்டுவிட்டேன், செக்கியூர் பூட்டைத் திரும்ப இயக்கினேன், பாங்க் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். அந்த ஃபோல்டரில் இருந்தவர்களில் இலக்கம் தெரிந்த எல்லோருக்கும் ஒவ்வொருவராகக் கோல் எடுத்து நடந்ததைச் சொன்னேன். ஒருவர் ஏசினார், ஏசட்டும். ஒரு அம்மா மட்டும், "நீ என்ன செய்வாய் புள்ள, அழாத" என்றார். அதற்குத்தான் அழுகை வந்தது.

வண்ணக்கரிடமும் சொல்லிவிட்டேன். பழைய கண்ணாடி ஸ்கேனரில் ஒவ்வொரு தாளாக வைத்து எடுக்கிறேன், மூடியைத் தூக்கி, வைத்து, எடுத்து, புரட்டி, திரும்ப வைத்து. கடை பூட்டின பிறகு கணவரும் வந்து தாள் எடுத்துத் தருகிறார். நேற்று இரவோடு 1,140 பக்கம் முடிந்தது. 2,660 இருக்கிறது. குளிர்த்திக்குப் பதினெட்டு நாள்.