உப்புக் காற்றில் சிவப்புப் பட்டன் ரோஜா: மொட்டைமாடி அனுபவம்

கடலோரத்தில் ரோஜா வராது என்பது எங்கள் பகுதியில் பலரும் சொல்லும் பேச்சு. திருவான்மியூரில் கடலுக்கு நான்கு தெரு தள்ளி, மொட்டைமாடித் தொட்டிகளில் பல ஆண்டுகளாகச் சிவப்புப் பட்டன் ரோஜா வளர்த்துவருகிறேன். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. வரும், நன்றாகவே வரும். ஆனால் நர்சரியில் சொல்லும் பொதுவான பராமரிப்பு இங்கே போதாது. அது நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊருக்குச் சொன்னது. கடலோரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரில் இருக்கும் உப்பை. வெயில், பூச்சி, உரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் செடித் தேர்வு. பெரிய பூப் பூக்கும் ஒட்டுச் செடிகளின் நீண்ட தண்டும் கனத்த பூவும் காற்று நேராக அடிக்கும் மாடியில் தாக்குப்பிடிப்பதில்லை. மொட்டு விரிவதற்குள் கழுத்து ஒடிந்துவிடுகிறது. பன்னீர் ரோஜாவின் மணத்துக்கு ஈடில்லைதான், ஆனால் அது படர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், நிறமும் இளஞ்சிவப்பு. சிறிய இடத்தில் சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்குப் பட்டன் ரோஜாவைவிட ஏற்ற செடி எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் குத்தாக நிற்கும், கொத்தாகப் பூக்கும். மணம் கிடையாது என்பது உண்மையான குறை. சாமி படத்துக்கு வைக்கவும் பின்னலில் ஒன்று செருகவும் இந்தச் சின்னப் பூ தாராளமாகப் போதும்.

வாங்கும்போது அடித்தண்டைப் பாருங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சு இல்லாமல், பதியன் குச்சியிலிருந்து தன் வேரிலேயே வளர்ந்த செடி கிடைத்தால் அதையே எடுங்கள். ஒட்டுச் செடியில் முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் காட்டுத் தளிர் சில மாதங்களில் மேலே இருக்கும் நல்ல கிளையைப் பட்டினி போட்டுவிடும். ஏழு சிற்றிலை வந்தால் காட்டுத் தளிர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை அப்படியே நம்பி வெட்ட வேண்டாம், நல்ல ரோஜாவிலும் ஏழு சிற்றிலை வருவதுண்டு. தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பார்ப்பதுதான் சரி. தன் வேர்ச் செடியில் இந்தத் தொல்லையே இல்லை. வாடிப்போனாலும் அடியிலிருந்து அதே ரோஜாதான் துளிர்க்கும்.

காஷ்மீர் ரோஜா என்ற பெயரில் குளிர்காலத்தில் விற்பனைக்கு வரும் சிறிய தொட்டிச் செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நிறைய பூவோடு, பார்த்ததும் கை நீளும்படி இருக்கும். தொட்டியைக் கவிழ்த்து வேர்க்கட்டியைப் பிரித்தால் பெரும்பாலும் உள்ளே மூன்று நான்கு குச்சிகள் நெருக்கி நடப்பட்டிருக்கும். மண்ணுக்குப் பதிலாக இருப்பது வெறும் தென்னைநார்க் கழிவு. அப்படியே விட்டால் கத்திரிக்கு முன்பே ஒன்றோடொன்று போட்டியிட்டுக் காய்ந்துவிடும். பூ ஓய்ந்ததும் பிரித்துத் தனித்தனியாக நட்டுவிட வேண்டும். நடும் நாளில் மொட்டுகளைக் கிள்ளிவிடுவதும் அவசியம். மனம் கேட்காது, ஆனாலும் கிள்ளுங்கள்.

இனி தண்ணீர். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை மீட்டரில் பார்த்தால், கரைந்த உப்பு கோடையில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராமைத் தாண்டும். மழைக்குப் பிறகு பாதியாகக் குறையும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாகச் சொல்லும் அளவு 500. ரோஜா உப்பைத் தாங்காத செடி வகையைச் சேர்ந்தது. ஆயிரத்துக்கு மேல் உள்ள நீரைத் தொடர்ந்து ஊற்றினால் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகத் தொடங்கும். கருகிய விளிம்பு, அதற்குள்ளே மெல்லிய மஞ்சள் கோடு, நடுவில் இன்னும் பச்சை என்று ஓர் இலையிலேயே மூன்று நிறமும் தெரியும். இதைப் பார்த்துவிட்டு நோய் என்று எண்ணி மருந்து வாங்கி அடிப்பவர்கள் உண்டு. தண்ணீர் போதவில்லை என்று அதே உப்பு நீரை இன்னும் ஊற்றுபவர்களும் உண்டு. மண்தொட்டியின் வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்துக் கையில் மாவுபோல ஒட்டினால், உள்ளே மண்ணிலும் உப்பு சேர்கிறது என்று பொருள்.

எங்கள் வீட்டில் இதற்கு வழி செய்தது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து நீராக வருவதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. இரவு முழுவதும் ஓடினால் ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் ஒரு வாளி சாதாரணமாகச் சேரும். கிணற்று நீர் மிக மோசமாகும் கோடையில்தான் ஏசியும் அதிகம் ஓடுகிறது என்பது பெரிய வசதி. அதைப் பாதிக்குப் பாதி மெட்ரோ தண்ணீரோடு கலந்து ரோஜாவுக்கு மட்டும் ஊற்றுகிறேன். ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீர் வீணாகிறதே என்று ரோஜாத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க அது போதும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். மாடிக் குழாய் தொட்டிக்குப் போகும் வழியில் ஒரு டிரம் வைத்துக்கொள்ள இடம் இருந்தால் பங்குனி வரைக்கும் கவலையில்லை.

ஊற்றும் முறையும் முக்கியம். தினமும் ஒரு குவளை என்று தெளித்துவிட்டுப் போனால் நீர் ஆவியாகும், உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு, அடித்துளை வழியாக வழிகிற அளவுக்கு நிறைய ஊற்ற வேண்டும். மாதம் ஒருமுறை நல்ல நீரைத் தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நிதானமாக ஊற்றி மண்ணைக் கழுவிவிடுகிறேன். அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கழுவிய உப்பு மறுபடி மேலே ஏறும்.

மண்கலவையில் பெரிய நுணுக்கம் இல்லை: செம்மண், மணல், மண்புழு உரம், கொஞ்சம் தென்னைநார்க் கழிவு, பத்து அல்லது பன்னிரண்டு அங்குலத் தொட்டி. நார்க்கழிவுக் கட்டியை மட்டும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். கழுவாத நாரில் இயற்கையாகவே உப்பு அதிகம். முதல் பிழிசல் தேயிலைச் சாறுபோலக் கருஞ்சிவப்பாக வரும். நிறம் வெளுக்கும்வரை விடாதீர்கள்.

உரமும் ஒருவகையில் உப்புதான். ரசாயன உரத்தைப் பைமேல் போட்டிருக்கும் அளவில் பாதியாகக் குறைத்துத் தருகிறேன். கடலைப் புண்ணாக்கு ஊறிய நீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் தளிர் நன்றாக வருகிறது. முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் ரோஜாவுக்கு நல்லவை என்று எல்லாரும் சொல்கிறார்கள். கடலோரத் தொட்டிகளுக்கு அவை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் தண்ணீரிலேயே சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கிறது. மண் மேலும் காரத்தன்மை அடைந்தால் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. புதுத் தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணம். தரையில் நடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அடுக்குமாடி வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டிய மண்ணில் பாதி சிமெண்டுக் கழிவு. ஓரடிக்குக் குறையாமல் தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண்ணும் தொழுவுரமும் நிரப்பாமல் செடியை வைக்காதீர்கள்.

காற்றைப் பற்றி நினைப்பதைவிடக் குறைவாகவே கவலைப்பட வேண்டும். மதியத்துக்குப் பிறகு வரும் கடல் காற்று கோடையில் செடிக்கு உதவியே செய்கிறது. அலை பெரிதாக இருக்கும் நாட்களில் மட்டும் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் (மருந்து அடித்த செடியில் இதைச் செய்ய வேண்டாம்). மறுநாள் அதிகாலையில் பூவாளியால் இலைகளைக் குளிப்பாட்டிவிட்டால் போதும். இலையின் அடிப்புறத்திலும் நீர் பட வேண்டும். சிவப்புச் சிலந்திப்பேன் அங்கேதான் குடியிருக்கும். கடல் காற்று நேரத்தோடு வராமல் மேற்குக் காற்று அனலாக வீசும் வைகாசி, ஆனி நாட்களில் அது பெருகும். இலை மேலே ஊசி குத்தியதுபோல வெளிர்ப்புள்ளிகள் தெரிந்தால் உடனே கவனியுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் மட்டும். வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

கத்திரியில் பூவின் தரம் இறங்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். காலையில் விரிந்த பூ மாலைக்குள் ஓரம் கருகி, சிவப்பும் வெளிறிவிடும். அந்த நேரத்தில் பதினொரு மணிக்குப் பிறகு நிழல்வலைக்குள் வைத்து, மொட்டுகளைக் கிள்ளி, செடியைக் காப்பாற்றிவைப்பதே போதும். மழை தொடங்கும் ஐப்பசியில் காய்ந்த கிளைகளையும் நெருக்கமானவற்றையும் கவாத்துச் செய்கிறேன். பட்டன் ரோஜாவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை மாதக்கணக்கில் சேர்ந்த உப்பை ஒரே மாதத்தில் கழுவித் தருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஊரையே மூழ்கடித்தபோது தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்திருந்தேன். இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து உதிர்ந்துவிட்டது. தை பிறந்ததும் வந்த பூவோ அதுவரை நான் பார்த்திராத அடர்சிவப்பு. மழை சத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும் என்பதால் ஓய்ந்த கையோடு மண்புழு உரம் போட்டுவிட வேண்டும். உதிர்ந்த இலைகளைத் தொட்டியில் விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், கரும்புள்ளி அவற்றிலிருந்துதான் மறுபடி ஏறும்.

கடலை நேராகப் பார்க்கும் முதல் வரிசை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என் அனுபவம் அப்படியே பொருந்தாது. அங்கே உப்புச் சாரல் அன்றாடம் வந்து விழும். முன்வரிசையில் அரளியோ காகிதப்பூவோ வைத்து ஒரு தடுப்பு எழுப்புங்கள், இரண்டும் உப்பைத் தாங்கும். அவை இடுப்பளவு வளர்ந்த பிறகு, அவற்றின் மறைவில், குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒரே ஒரு பட்டன் ரோஜாவை வைத்துத் தொடங்குங்கள். அது ஒரு கத்திரியைத் தாண்டிய பிறகு அடுத்ததை வாங்கலாம்.